வெயில் ஏறினதும் லிதியம் பற்றரி சார்ஜ் ஆகாமல் நிற்கிறது. பி.எம்.எஸ். மாற்றவா?

கேள்வி அக்கரைப்பற்றிலிருந்து வந்திருக்கிறது: 16 செல் லிதியம் பற்றரி, காலை பத்து பதினொரு மணிக்கு "செல் ஓவர் வோல்ட்டேஜ்" என்று சார்ஜ் நின்றுவிடுகிறது, இரவில் 40 வீதம் காட்டும்போதே கட் ஆகிறது, பூட்டித் தந்தவர் பி.எம்.எஸ். (ஒவ்வொரு செல்லையும் அளந்து, எல்லை தாண்டினால் வெட்டிவிடும் காவல் பலகை) போய்விட்டது என்கிறார்.

இப்போதைக்கு மாற்றாதீங்க. இதே கதையில் 38,000 ரூபாய் கொடுத்துப் புது பி.எம்.எஸ். போட்டவள் நான். மூன்றாம் நாள் அதே எழுத்து அதே இடத்தில் வந்து நின்றது.

எங்கள் வீடு கல்லடியில், கடலிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி. வீட்டிலிருந்து கேக் அடித்துக் கொடுக்கிறேன். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது ஃபிரிட்ஜில் பட்டர் உருகி ஓடினதைப் பார்த்துத்தான் கட்டாரில் இருந்த என் வீட்டுக்காரர் சோலார் போடச் சொன்னார். 5 கிலோவாட் இன்வேட்டர். பற்றரி, 280 அம்பியர் மணித்தியாலச் செல்கள் 16. ஒரு செல் 3.2 வோல்ட், வரிசையாகச் சேர்த்தால் 51.2, மொத்தம் 14 கிலோவாட் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். இது லிதியம் இரும்பு பொஸ்பேட் வகை. கடையில் "அயன்" என்று சொல்வது இரும்பைத்தான், போனில் இருக்கும் லிதியம் அயனை அல்ல. எனக்கே இது விளங்க ஒரு வருஷம் எடுத்தது.

2025 மாசி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை கிரிட்டில் குரங்கு பாய்ந்து முழு இலங்கையும் இருண்ட நாள். கரண்ட் போனதும் "நமக்கென்ன, பற்றரி இருக்கே" என்று அவனில் கேக்கை வைத்துவிட்டு, கேத்திலும் போட்டு, தண்ணி மோட்டரையும் தட்டினேன். பொட்டென்று எல்லாம் நின்றது. பற்றரி 62 வீதம் காட்டிக்கொண்டிருந்தது! கேக் நடுவில் குழி விழுந்து அவனுக்குள்ளேயே ஆறிப்போனது.

பூட்டித் தந்த பாஸ் வந்தார், பார்த்தார், பி.எம்.எஸ். என்றார். மாற்றினோம். பிறகும் அதேதான். இரண்டாம் முறை வந்தவர், "பி.எம்.எஸ்.ஐத் தாண்டி நேரா வயரைப் பூட்டிவிடுறன் அக்கா, பிரச்சினையே வராது" என்றார். அதை மட்டும் யார் சொன்னாலும் விடாதீங்க. வீட்டுக்குள் இருக்கும் 14 கிலோவாட் மணித்தியாலத்துக்குக் காவல் அந்த ஒரு பலகைதான்.

கடைசியில் கண்டுபிடித்தது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமா. முந்தி தொலைபேசி எக்சேஞ்சில் பற்றரி அறை பார்த்தவர். எக்சேஞ்சும் 48 வோல்ட்டில் ஓடுவதுதானே, அவருக்கு இது புதிதில்லை. பி.எம்.எஸ். போனில் காட்டும் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏறக்குள்ள கூடக் காட்டுற செல், இறங்கக்குள்ள என்ன காட்டுது புள்ள?"

நான் அதைப் பார்த்ததே இல்லை. சார்ஜ் நிற்கும் நேரம் மட்டும்தான் பார்ப்பேன். அன்று பின்னேரம் பார்த்தோம். காலையில் 70 அம்பியர் ஏறும்போது மற்ற 15 செல்லும் 3.38 வோல்ட், ஒன்பதாவது மட்டும் 3.66. பின்னேரம் 50 அம்பியர் இழுக்கும்போது மற்றவை 3.22, ஒன்பதாவது 3.02. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பார்த்தால் பதினாறும் ஒரே எண். மாமா கல்குலேட்டரைக் கேட்டார். 0.28ஐ 70ஆல் பிரித்தால் 0.004. 0.20ஐ 50ஆல் பிரித்தாலும் 0.004. அதாவது 4 மில்லியோம். ஏறினாலும் இறங்கினாலும் ஒரே தடை. "செல்லுக்கு ஒண்டும் இல்ல. மூட்டுக்குத்தான்" என்றார்.

விஷயம் இதுதான். பி.எம்.எஸ். அந்தச் செல்லை மட்டும் அளப்பதில்லை. அதன் மெல்லிய அளவு வயர் எங்கே பூட்டியிருக்கிறதோ அதுவரைக்கும் இருப்பதை அளக்கிறது. செல்லின் தலைக்கும் அதை அடுத்த செல்லோடு சேர்க்கும் பஸ்பார் பட்டைக்கும் இடையில் உள்ள மூட்டில் இறுக்கம் போயிருந்தால், அந்தத் தடையில் விழும் வோல்ட்டேஜும் செல்லின் கணக்கில் சேர்ந்துவிடும். கரண்ட் உள்ளே போகும்போது கூட்டிக் காட்டும், வெளியே வரும்போது குறைத்துக் காட்டும். என் பி.எம்.எஸ். 3.65இல் சார்ஜை வெட்டும், 2.8இல் வெளியே விடுவதை வெட்டும். அவனும் கேத்திலும் மோட்டரும் ஒன்றாக ஓடினால் 100 அம்பியர். 100 தர 0.004, 0.4 வோல்ட். 3.17இல் நிற்கும் நல்ல செல் 2.77 என்று தெரியும். வெட்டாமல் என்ன செய்யும்? இன்வேட்டருக்கோ எதுவும் தெரியாது. பதினாறையும் கூட்டினால் அதற்கு 54.4 வோல்ட்தான் தெரிகிறது, இன்னும் நிறையவில்லை என்று ஏற்றிக்கொண்டே இருக்கும். வீதக் கணக்கும் வோல்ட்டேஜும் இரண்டு தனிக் கணக்கு, அதனால்தான் 62 வீதத்திலும் இருட்டு.

இதில் பயப்பட வேண்டியது வேறொன்று. 70 அம்பியர் போகும் 4 மில்லியோம் மூட்டில் கிட்டத்தட்ட 20 வாட் சூடு. சின்ன சோல்டர் அயன் அளவு. மூடியைக் கழற்றினபோது அந்த இடத்துப் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: நல்ல வெயிலில் ஏறும்போது ஒரு ஸ்கிரீன்ஷொட், இரவில் கேத்தில் போட்டபடி ஒன்று, எதுவும் ஓடாமல் அரை மணித்தியாலம் விட்டு ஒன்று. ஒரே செல் ஏறும்போது கூடி, இறங்கும்போது குறைந்து, சும்மா இருக்கும்போது சரியாக நின்றால் என் பற்றரிக்கு வந்த அதே வருத்தம்தான். ஆனால் உள்தடை கூடின பழைய செல்லும் இப்படித்தான் காட்டும். பிரித்தறிய, கரண்ட் ஓடும்போதே மல்ரிமீற்றர் கம்பியை நட்டிலோ பஸ்பாரிலோ வைக்காமல் செல்லின் தலையிலேயே வைத்து அளக்கவும். அங்கே சரி, பி.எம்.எஸ்.இல் பிழை என்றால் மூட்டில்தான் பிழை.

பக்கத்துப் பக்கத்துச் செல் இரண்டில் ஒன்று எவ்வளவு கூடுகிறதோ மற்றது அவ்வளவு குறைந்தால், இரண்டுக்கும் நடுவில் போகும் அளவு வயரைப் பாருங்கள். நடு வழியெல்லாம் ஒழுங்காக இருந்து, நிறையும் கடைசியில் மட்டும் ஒரு செல் முந்தி ஓடினால் அது சமன் குலைந்தது. இதற்கு அவசரப்படக் கூடாது. சாதாரண பி.எம்.எஸ். கூடின செல்லிலிருந்து 0.1 அம்பியர் மாதிரித்தான் எரித்துக் குறைக்கும். 10 அம்பியர் மணித்தியால வித்தியாசம் என்றால் 100 மணித்தியால வேலை. சமன் செய்யத் தொடங்கும் எல்லையை 3.4 வோல்ட்டில் வைத்து, சார்ஜ் கரண்டைக் குறைத்து, 55.2இல் பல நாள் பிடித்து வையுங்கள். அந்த எல்லை 3.0இல் இருந்தால் பி.எம்.எஸ். தானே சமனைக் குலைக்கும், ஏனென்றால் நடு வழியில் இந்த வகைச் செல்களின் வோல்ட்டேஜ் தட்டையாக இருக்கும், எது நிறைந்தது எது குறைந்தது என்று அங்கே தெரியாது.

இன்வேட்டரில் பற்றரி வகையையும் ஒருக்கால் பாருங்கள். ஈயப் பற்றரி என்று விட்டிருந்தால் "ஈக்வலைஸ்" என்று இடைக்கிடை வோல்ட்டேஜைத் தூக்கும். அது இதற்கு ஆகாது.

வீதம் மட்டும் பொய் சொல்வது வேறு. போவதையும் வருவதையும் எண்ணி எண்ணித்தான் பி.எம்.எஸ். அந்த வீதத்தைச் சொல்கிறது, நூறைத் தொட்டால்தான் கணக்கு நேராகும். இங்கே கார்த்திகை மார்கழி மாரியில் கிழமைக்கணக்கில் நூறைத் தொடாது, பிழை சேர்ந்துகொண்டே போகும். உங்கள் 40 வீதத்தை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

திறக்கும் ஆள் நீங்களோ பாஸோ, ஒழுங்கு முக்கியம். முதலில் வீட்டு லோட், பிறகு சோலார், இன்வேட்டர், கடைசியாகப் பற்றரி பிரேக்கர் என்று நிறுத்துங்கள். பஸ்பாரைத் தொடுவதற்கு முன் பி.எம்.எஸ்.இன் அளவு வயர் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். அதை மாட்டி வைத்தபடி ஒரு மூட்டை அவிழ்த்தால், முழு வோல்ட்டேஜும் இரண்டு மெல்லிய வயருக்கு நடுவில் வந்து நல்ல பி.எம்.எஸ். அந்த இடத்திலேயே கருகிப்போகலாம். அப்புறம் பாஸ் சொன்னது உண்மையாகிவிடும். மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாம் கழற்றுங்கள். 51 வோல்ட் பெரிதாக அடிக்காது, ஆனால் ஸ்பனர் இரண்டு முனையிலும் பட்டால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும், இரும்பு உருகித் தெறிக்கும். மாமா ஸ்பனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் ரேப் சுற்றிவிட்டுத்தான் கிட்டவே வந்தார்.

எங்கள் ஒன்பதாவது மூட்டில் நட்டும் தளர்ந்திருந்தது, அடியில் வெள்ளைப் பூவும் பூத்திருந்தது. செல்லின் தலை அலுமினியம், பஸ்பார் செம்பு, அதோடு கல்லடி உப்புக் காற்று. அக்கரைப்பற்றிலும் அதே காற்றுத்தானே. ஸ்கொட்ச் பிரைட்டால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அரிப்பு வராமல் காக்கும் கிரீஸ் மெல்லிசாகப் பூசி, செல் கம்பனி சொன்ன அளவுக்கு டோர்க் ஸ்பனரால் இறுக்கினோம். கைப்பலத்தால் இறுக்கினால் அலுமினியப் புரி கழன்றுவிடும். பதினாறையும் செய்தோம், ஒரு பகல் போனது. கடல் பக்க விறாந்தையில் நின்ற பற்றரியை உள் அறைக்கு மாற்றினோம். இப்போது 70 அம்பியரில் கூடினதுக்கும் குறைந்ததுக்கும் வித்தியாசம் 12 மில்லிவோல்ட்.

பி.எம்.எஸ். சாகவே சாகாது என்று சொல்லவில்லை. எதுவும் ஓடாத நேரம் அளவு வயர் பிளக்கின் முனையில் மல்ரிமீற்றர் ஒரு எண்ணும், ஸ்கிரீன் அதே செல்லுக்கு வேறு எண்ணும் காட்டினால், அல்லது எல்லாச் செல்லும் எல்லைக்குள் இருந்து, அலாரமும் இல்லாமல் வெளியே கரண்ட் வராவிட்டால், மாற்றத்தான் வேண்டும். அப்படியென்றால் எழுதுங்கள். என் பழைய பி.எம்.எஸ். அலுமாரியில் கேக் தட்டுகளுக்குப் பக்கத்தில் நல்ல சுகமாகக் கிடக்கிறது, பாதி விலைக்குத் தரலாம்.