கதவைச் சாத்திக்கொண்டவள் மாட்டு டாக்டர் ஆகலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்ன கிராமம். கொஞ்சம் தேயிலை, ரெண்டு மாடு. பிளஸ் 2 முடித்துவிட்டேன். நாய், பூனை என்றால் எனக்கு உயிர், கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அப்பா நர்சிங் போதும் என்கிறார், அம்மா எதுவும் சொல்லவில்லை. போன மாதம் எங்கள் மாடு கன்று போட முடியாமல் கத்தியபோது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், அவ்வளவு இளகிய மனசு. ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் வந்துதான் கன்றை எடுத்தார். அடுத்த மாடு இப்போது நிறைசினை. எனக்கு இந்தப் படிப்பு சரிவருமா?

பதில்: நாய், பூனை என்றால் உயிர் என்று வருஷா வருஷம் கடிதம் வருகிறது, அதை விடு. படிப்பு ஐந்தரை வருஷம், அதில் ஒரு வருஷம் பயிற்சி. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் 2 மார்க்தான். உங்களுக்குப் பக்கம் உடுமலைப்பேட்டையிலேயே கல்லூரி இருக்கிறது. இதெல்லாம் விசாரித்தால் தெரியும்.

அந்தக் கதவுக்கு வா. கதவுக்கு அந்தப் பக்கம் டார்ச் பிடித்தது யார்? உன் அம்மாவாகத்தான் இருக்கும். பகலெல்லாம் தேயிலை பறித்துவிட்டு, குளிரில் கொட்டகையில் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு சொம்பு சுடுதண்ணி கொண்டுபோய்க் கொடுக்காததை இளகிய மனசு என்று எழுதியிருக்கிறாயே, எனக்குக் கோபம் வருகிறது, கண்ணு. ரத்தம் பார்த்தால் பயம் என்றால் புரிகிறது, அது பழகப் பழகப் போய்விடும். அம்மாவைத் தனியாக விட்டது அப்படி இல்லை. வீட்டில் ஒரு ஜீவன் தவிக்கும்போது, முடிகிறதோ இல்லையோ, கூட நிற்க வேண்டும், படித்த பிள்ளை முதலில் நிற்க வேண்டும்.

அந்த ரெண்டு மணிக்கு வந்து இறங்கினாரே, அவராகத்தான் நீ ஆக ஆசைப்படுகிறாய். முன்னங்கால் ரெண்டும் அதன் மேல் தலையுமாக வந்தால் கன்று தானே வழுக்கி வந்துவிடும். தலை பின்னால் மடங்கியிருந்தால் நாலு பேர் கயிறு கட்டி இழுத்தாலும் வராது, தோள்வரை கையை விட்டு, கன்றைத் திரும்ப உள்ளே தள்ளி, தலையை நேராக்கித்தான் எடுக்க வேண்டும், அதுவரை மாடு கத்திக்கொண்டேதான் இருக்கும். கன்று போட்ட மறுநாள் சில மாடு எழ முடியாமல் கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்துவிடும், காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். உடம்பில் கால்சியம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கால்சியத்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நின்று சாணி போடும். அந்தச் சாணியைப் பார்த்து மனசு நிறைகிற ஆட்களுக்கு இந்தப் படிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அப்பாவிடம் இப்போது சண்டைக்குப் போகாதே. அவர் சொல்லும் நர்சிங்கிலும் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

இன்றிலிருந்து காலையில் கொட்டகையை நீ கூட்டு, பாலை நீ கற. அந்த நிறைசினை மாட்டுக்கு மடி இறுகி, வாலடியில் ரெண்டு பக்கமும் குழி விழுந்தால் நாள் நெருங்கிவிட்டது, அன்று ராத்திரி டார்ச்சை அம்மா கையிலிருந்து நீ வாங்கிக்கொள். கன்று எழுந்து பால் குடித்த பிறகு, படிப்பைப் பற்றி அம்மாவிடம் கேள். அப்புறம் எனக்கு எழுது.