கறிவேப்பிலைச் செடிக்குப் போகும் தண்ணீர்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. ஒரு மெட்ரிக் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். எல்.கே.ஜி.யிலிருந்து அங்கேதான். இன்னும் இங்கிலீஷில் நாலு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வரவில்லை. தமிழும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். வகுப்பில் 42 பேர். மிஸ் இவனை 'ஸ்லோ லேர்னர்' என்கிறார். வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். எனக்கும் கணவருக்கும் அவ்வளவாக வராது, ஆனாலும் முயற்சி செய்கிறோம். மாமியாரிடமும் சொல்லிவிட்டோம். வகுப்பில் தமிழில் பேசினால் கழுத்தில் அட்டை மாட்டிவிடுவார்களாம். கண்டிப்பு இருந்தால்தானே மொழி வரும்? மற்றபடி சமத்துப் பிள்ளை. டிபன் பாக்ஸைக் காலி செய்துவிடுவான். தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்தபடியே திரும்பி வரும். அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். இப்போது ஊருக்கு வெளியே 14 கிலோமீட்டரில் ஒரு புதுப் பள்ளி வந்திருக்கிறது. இருமொழிக் கல்வி, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கவனம் என்கிறார்கள். வருடத்துக்கு 1,15,000 ரூபாய், வேன் தனி. என் நகையை அடகு வைத்தால் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சேர்க்கலாமா வேண்டாமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் கட்டணம் இருக்கிறது, வேன் இருக்கிறது, நகை இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு வரி, தண்ணீர் பாட்டில் கொடுத்தபடியே திரும்பி வருகிறது என்று. அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

காலையில் பள்ளிக்குப் போகிற பிள்ளை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருகிறான். திண்டுக்கல் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிபன் பாக்ஸைக் காலி செய்கிறவனுக்கு விக்கல்கூடவா எடுக்காது? தாகம் இல்லாமல் இல்லை அம்மா. குடித்தால் ஒன்னுக்கு வரும். வந்தால் கேட்க வேண்டும். கேட்பதென்றால் 41 பிள்ளைகள் பார்க்க எழுந்து நின்று, 'மே ஐ கோ டு தி டாய்லெட், மிஸ்' என்று ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகினால் சிரிப்பார்கள். தமிழில் கேட்டால் அட்டை. இந்தக் கணக்கை உங்கள் பையன் தன்னந்தனியாகப் போட்டுப் பார்த்து, குடிக்காமல் இருந்துவிட்டால் வம்பே இல்லை என்று விடையும் கண்டுபிடித்திருக்கிறான். இவனையா ஸ்லோ லேர்னர் என்கிறார்கள்?

வேறு காரணமும் இருக்கலாம். கழிவறை நாறலாம், தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கலாம், பெரிய பையன்கள் அங்கே நின்று வம்பு செய்யலாம். எதுவானாலும் அவனுக்குத் தெரியும். நீங்கள் கேட்டீர்களா? ஃபீஸ் எவ்வளவு என்று புதுப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்ட நீங்கள், ஏன்டா தண்ணி குடிக்கல என்று பெற்ற பிள்ளையிடம் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

இதே மாதிரிக் கடிதம் எனக்கு மாதத்துக்கு இரண்டு மூன்று வருகிறது, ஊர்தான் மாறும். எல்லாவற்றுக்கும் 'கவலைப்படாதீர்கள், பிள்ளை தானாகத் தேறிவிடும்' என்று எழுத என்னால் ஆகாது. முதலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எரிச்சல் இருக்கிறதா, மஞ்சள் கரைத்தாற்போல் போகிறதா, வெளிக்கு ஒழுங்காகப் போகிறானா என்று அவர் கேட்பார். பதில் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. பத்தி எழுத வருவதற்கு முன் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எனக்கு ஒன்றாம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு பையன் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. எழுந்து வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு 'ஒண்டிக்கி, ஒண்டிக்கி' என்றான். ஒண்டியாக உட்காரப் பயப்படுகிறான் போலிருக்கிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்தேன். மறுபடி வந்தான். மறுபடி உட்காரவைத்தேன், இந்தத் தடவை கொஞ்சம் அதட்டி. மூன்றாம் தடவை அவன் வரவில்லை. பாய் நனைந்து பக்கத்துப் பிள்ளை துள்ளி எழுந்தபோதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. நாம் ஒன்னுக்கு என்று சொல்வதைத்தான் அவன் தன் வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் அவன் அம்மா அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை வாயைத் திறந்து சரியாகத்தான் கேட்டிருந்தான்.

அந்த வாரமே அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன். நீள்ளு என்றால் தண்ணீர், ஆகலி என்றால் பசி, நொப்பி என்றால் வலி... 'பயம்' என்றால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அதுவும் பயம்தான் என்றாள் அந்த அம்மா. அந்தப் பையன் தீபாவளிக்குள் தமிழில் வாயாடத் தொடங்கிவிட்டான். நான் அவன் மொழியில் பத்துச் சொல் கற்றுக்கொண்டது அவனுக்குப் போதுமாக இருந்தது. இருமொழிக் கல்விக்கு நான் பார்த்த முதல் உதாரணம் அதுதான். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான் என்று குறையாகச் சொல்கிறீர்கள். ஏழு வயதில் எழுத்துக்கூட்டுவது குறையா? வாசிப்பின் சூட்சுமம் அவனுக்குப் பிடிபடத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். 247 எழுத்து என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் உயிர் 12, மெய் 18, அப்புறம் கால், கொம்பு, சுழி என்று சில குறிகள் பிடிபட்டால் மற்றவை அதன் பின்னாலேயே வந்துவிடும். 'த-ண்-ணீ-ர்' என்று கூட்டி முடிக்கிறபோது, அட, இது நம்ம தண்ணீர் என்று அவன் முகம் மலரும், பாருங்கள், அங்கேதான் வாசிப்பு பிறக்கிறது. இங்கிலீஷ் பாடத்தில் 'மெடோ' என்று கூட்டி முடித்தால் மனசுக்குள் ஒன்றும் தெரிவதில்லை. அவன் அந்தச் சொல்லைக் காதால் கேட்டதில்லை, அந்தப் புல்வெளியையும் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு 'நைஃப்' எழுத முதலில் ஒரு 'கே' போட வேண்டும், அதை உச்சரிக்கக் கூடாது. தெரிந்த மொழியில் கூட்டிப் படிக்கப் பழகியவன் இந்த வம்புகளைச் சமாளித்துக்கொள்வான். எதிலும் பழகாதவனுக்கு இரண்டுமே இருட்டு.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர் 1980-ஐ ஒட்டியே இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டார். ஒரு மொழியில் படித்துப் புரிந்துகொள்கிற திறமை வந்துவிட்டால் அது இன்னொரு மொழிக்கும் கூடவே போகும் என்றார். புது மொழியில் அரட்டையடிக்க ஏறக்குறைய இரண்டு வருடம், பாடம் படிக்கிற அளவுக்கு வர ஐந்திலிருந்து ஏழு வருடம் என்பது அவர் கணக்கு. அதுவும் தெருவெல்லாம் இங்கிலீஷ் பேசுகிற நாட்டில் குடியேறிய பிள்ளைகளுக்கு. உங்கள் தெருவில் இங்கிலீஷ் எங்கே இருக்கிறது? கடைப் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

அதை ஈடுகட்டத்தான் வீட்டில் பேசுகிறோம் என்பீர்கள். உங்களுக்கு 'அவ்வளவாக வராத' மொழியில் நீங்கள் பேசினால் அவனுக்குக் கிடைப்பது என்ன? 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்', 'டோன்ட்'. வெறும் ஏவல். 'ஏன்டா தங்கம், மூஞ்சி வாடியிருக்கு?' என்று உங்களால் இங்கிலீஷில் கேட்க முடியுமா? முடியாததால்தான் நீங்கள் கேட்கவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மாமியாரிடமும் சொல்லிவிட்டோம் என்கிறீர்களே, என்ன சொன்னீர்கள்? பிள்ளையிடம் தமிழ் பேசாதீர்கள் என்றுதானே? அவருக்கு வேறு என்ன மொழி தெரியும்? பகலில் பள்ளிக்கூடம் பிள்ளையின் வாயை மூடியது. சாயங்காலம் நீங்கள் அப்பத்தாவின் வாயையும் மூடிவிட்டீர்கள். 'அப்பத்தா, எனக்கு ஒன்னுக்கு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்' என்று பயமில்லாமல் சொல்ல அவனுக்கு அந்த வீட்டில் இருந்த மடி அது ஒன்றுதான். நான் பழைய கட்சி. பெரியவர்கள் வீட்டில் இருப்பது பிள்ளையோடு பேசத்தான். காய் நறுக்கவும் கதவு திறக்கவும் மட்டும் இல்லை. இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் செய்தது தப்பு, நீங்கள் பேசுங்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் மகன், அதாவது உங்கள் கணவர், சொன்னால் அவருக்கு மனம் ஆறும். அந்த மகனும் கடிதத்தில் பணம் புரட்டுகிற இடத்தில்தான் தலைகாட்டுகிறார். நகையை வாங்கிக்கொண்டு போகத் தெரிந்த தகப்பனுக்குப் பள்ளி வாசல்வரை போய் நிற்கவும் நேரம் இருக்க வேண்டும்.

ஆமாம், இரண்டு பேருமாகப் போங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். தலைமை ஆசிரியரைப் பார்த்து, என் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் வருகிறான் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே 'வாட்டர் பெல்' அடிக்கத் தொடங்கினார்கள், அப்படி இங்கேயும் செய்யலாமே என்று கேளுங்கள். பிறகு அந்த அட்டையைப் பற்றிப் பேசுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனத்தளவில் வதைக்கவும் கூடாது என்கிறது. 29-ஆம் பிரிவு, முடிந்தவரை தாய்மொழியில் சொல்லிக்கொடுக்கவும் பிள்ளை அச்சமில்லாமல் பேசவும் வழி செய்யச் சொல்கிறது. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பதும் அதே சட்டத்தின் கணக்குதான். 42 பேரை மேய்க்கிற அந்த மிஸ் மேல் எனக்குக் கோபத்தைவிடப் பரிதாபம்தான் வருகிறது. ஆனால் கண்டிப்பு இருந்தால்தானே மொழி வரும் என்று எழுதினீர்களே, அதற்குக் கோபம் வருகிறது. எந்த மொழியில் படிப்பது என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும், அரசு திணிக்க முடியாது என்று 2014-இல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முடிவு உங்களுடையது என்றால் அட்டையைப் பார்த்தும் பேசாமல் இருந்த பழியும் உங்களுடையதுதான்.

சரி, புதுப் பள்ளி. 'இருமொழி' என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்களா? நாள் முழுக்க இங்கிலீஷ், தமிழுக்கு ஒரு பீரியட் என்றால் அது இப்போதைய பள்ளியிலும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழைக் கட்டாயமாக்கிவிட்டது. சட்டப்படி கொடுக்க வேண்டியதை விலை போட்டு விற்கிறார்களா என்று பாருங்கள். கணக்கோ அறிவியலோ நடக்கும்போது புரியாததைப் பிள்ளை தமிழில் கேட்கலாமா, ஆசிரியர் தமிழில் விளக்கிவிட்டு அதையே இங்கிலீஷிலும் சொல்லிக்காட்டுவாரா, அதுதான் விஷயம்.

தனிக் கவனம் என்பதும் 1,15,000 ரூபாய் கட்டினால்தான் கிடைக்கும் சரக்கு இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலை நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். ஆந்திராவின் ரிஷிவேலியில் பிறந்த யோசனை அது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டுகிற கற்றல் ஏணி சுவரில் தொங்கும். பிள்ளை போய்த் தன் படியைப் பார்த்து, அதற்குரிய பாட அட்டையைத் தானே எடுத்து வந்து பாயில் உட்காரும். சுவரோரம் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை, அதில் ஆளுக்கொரு கட்டம். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை விட்ட படியிலிருந்தே ஏறும், யாரும் ஸ்லோ லேர்னர் என்று சொல்லவில்லை. குறை இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழிந்தன, சில ஆசிரியர்கள் அட்டையை நம்பி வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். பிறகு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் திட்டம் அது. உங்கள் பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒருநாள் அனுமதி கேட்டுப் போய் உட்கார்ந்து பாருங்கள். சேர்க்கச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன். பார்த்துவிட்டு வந்தால் புதுப் பள்ளியில் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

அங்கே அவர்கள் கூப்பிடுகிற விழா நாளில் போகாதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்குப் போங்கள். முதலில் சின்னப் பிள்ளைகளின் கழிவறையைப் பாருங்கள். அப்புறம் வகுப்பு ஆசிரியையிடம், இந்த வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். 'அதோ அவன், கழித்தலில் கடன் வாங்கும்போது தடுமாறுவான், ஆனால் கதை சொன்னால் அசையமாட்டான்' என்றால் அங்கே கவனம் இருக்கிறது. 'எல்லாருமே நல்லாப் படிக்கிறாங்க' என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நகையைப் பற்றி ஒன்றே ஒன்று. ஏற்கெனவே தண்ணீர் குடிக்காத பிள்ளையைத் தினமும் போக வர 28 கிலோமீட்டர் வேனில் உட்காரவைக்கப் போகிறீர்கள். அதற்கு வட்டியும் கட்டப் போகிறீர்கள்.

இன்று ராத்திரி அவனிடம் பாடம் கேட்காதீர்கள். அப்பத்தா பக்கத்தில் படுக்கவைத்து, பள்ளிக்கூடத்தில் ஒன்னுக்கு வந்தால் என்ன செய்வே என்று தமிழில் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவன் சொல்லட்டும். பாட்டில் காலியாக வருகிற அன்றைக்கு எனக்கு எழுதுங்கள், புதுப் பள்ளியைப் பற்றி மிச்சத்தை அப்போது பேசலாம். கறிவேப்பிலைச் செடிக்குக் குழாய்த் தண்ணீர் போதும்.