மழைக்காலத்தில் காவல் நாயின் விரலிடுக்குப் புண்

கேள்வி: தோட்டக் காவலுக்கு ஒரு நாய் வளர்க்கிறோம். மழை பிடித்ததிலிருந்து முன்கால்கள் இரண்டையும் நக்கிக்கொண்டே இருக்கிறது. விரலிடுக்கு சிவந்து நாற்றம் அடிக்கிறது, அங்குள்ள வெள்ளை முடி செம்பழுப்பாகிவிட்டது. தினமும் வேப்பெண்ணெய் தடவியும் குறையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். ஈரம் காயாத தோலில் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். போதாததற்கு, நாய் அதை நக்கி விழுங்கி வாந்தியும் எடுக்கும்.

சேற்றில் நின்று வேலை செய்பவர்களுக்கு வருகிற சேற்றுப்புண்தான் ஏறக்குறைய இதுவும். நாள் முழுக்க ஊறிய தோல் வலுவிழக்கிறது. தோலில் எப்போதும் கொஞ்சமாக இருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்ட் பூஞ்சையும் அந்த ஈரத்தில் பெருகுகின்றன. அரிப்பெடுக்க நாய் நக்குகிறது, நக்க நக்க மறுபடியும் ஈரம். முடியின் செம்பழுப்பு நிறம் எச்சில் கறை. ரத்தமோ என்று பயப்பட வேண்டாம்.

வெளிச்சத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு விரலிடுக்கையும் பெருவிரலால் விரித்துப் பாருங்கள். மேலே மட்டும் பார்த்தால் போதாது. அடிப்பக்கம், பாத மெத்தைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில்தான் சேறு உருண்டையாக இறுகியிருக்கும். முள், புல் விதை, உண்ணி எல்லாம் ஒளிந்திருப்பதும் அங்கேதான். ஒரே ஒரு காலை மட்டும் நக்கினால் ஏதாவது குத்தியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். அந்தப் பள்ளத்து முடியை மெத்தை மட்டத்துக்குக் கத்தரித்துவிட்டால் சேறு பிடிப்பது பாதியாகக் குறையும். நகம் நீண்டிருந்தால் அதையும் வெட்டுங்கள்.

அப்புறம் கழுவுவது. சேறு போக நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, பொவிடோன் அயோடின் கரைசலை வெளிர் டீ நிறம் வரும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து, அதில் பாதத்தை இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். பினாயில், மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் எதுவும் கூடாது. இனி முக்கியமான வேலை: பருத்தித் துணியை விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் செருகி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் தோல் உரியும். பலர் பாதத்தைக் கழுவுகிறார்கள், துடைப்பதில்லை. என்னைக் கேட்டால் அதற்குக் கழுவாமலே விடலாம்.

படுக்கும் இடம் ஈரமாக இருந்தால் இவ்வளவும் வீண். தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகை, அதன் மேல் காய்ந்த சாக்கு, ஒழுகாத கூரை போதும். சாக்கு நனைந்தால் உடனே மாற்றுங்கள். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான் என்பதால், ரப்பர் காலுறையை நாள் முழுக்க மாட்டிவைப்பது சரிவராது. உரமோ களைக்கொல்லியோ போட்ட வயலில் அது நடந்திருந்தால் உடனே பாதத்தைக் கழுவிவிடுங்கள், நக்கினால் உள்ளே போகும்.

ஈர மண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. நாயின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் லார்வா (இளம்புழு) பாதத் தோலைத் துளைத்தே உடம்புக்குள் நுழையும். வெறுங்காலோடு நடக்கும் மனிதர்களையும் அது விடாது, தோலில் நெளிநெளியாகச் சிவந்த கோடு விழுந்து அரிக்கும். ஆகவே நாயின் மலத்தை அன்றாடம் அகற்றிப் புதையுங்கள், எடைக்கேற்ற குடற்புழு மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். எலி நடமாட்டமுள்ள வயலில் தேங்கிய நீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமியும் புண் மூலம் உள்ளே போகும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு, போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கைந்து நாளில் சிவப்பு வடியவில்லை, விரலிடுக்கில் கொப்புளம் எழுகிறது, சீழ் வருகிறது, நொண்டுகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மழை ஓய்ந்த பிறகும் நக்குவது நிற்காவிட்டால் ஒவ்வாமையோ தோல் சிற்றுண்ணியோ காரணமாக இருக்கலாம். சிற்றுண்ணி இருக்கிறதா என்று தோலைச் சுரண்டிச் சோதித்துப் பார்ப்பார்கள். அதுவரை வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள். இரண்டுமே நாய்க்கு நஞ்சாக முடியக்கூடியவை.