இருட்டு எதற்கு?

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பயம் காட்ட இடிந்த மாளிகையும் இருட்டும்தானே சரி? கண்ணாடியும் கான்கிரீட்டுமாகப் பளபளக்கும் நவீனக் கட்டடம் வெறும் ஆடம்பரப் பின்னணி. அதில் என்ன பயம் வந்துவிடப் போகிறது?

பதில்: ஒட்டடை இருந்தால்தான் பேய் குடிவரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். பேய்ப்படங்களுக்கும் ஒட்டடைக்கும் பேர்போன ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ அந்தக் கணக்கை 1934-லேயே அழித்துவிட்டது. எட்கர் உல்மர் இயக்கிய 'தி பிளாக் கேட்' படத்தைத் தேடிப் பாருங்கள். வில்லன் போரிஸ் கார்லாஃப், தொழில் கட்டடக்கலை. பாத்திரத்தின் பெயர் போல்ட்ஸிக். ஜெர்மனியில் அப்போது நிஜமாகவே புகழோடு இருந்த கட்டடக் கலைஞர் ஹான்ஸ் போல்ட்ஸிக்கின் பெயர்தான் அது. (அவர் என்ன பாவம் செய்தாரோ!)

படத்தில் போல்ட்ஸிக் தனக்குக் கட்டிக்கொண்ட வீட்டில் மூலைமுடுக்கெல்லாம் வெளிச்சம். வளைந்து இறங்கும் மாடிப்படி, சுத்தமான வெள்ளைச் சுவர், தூசி என்ற பேச்சே இல்லை. ஆனால் கட்டியிருப்பது எங்கே? முதல் உலகப்போரில் இவனே எதிரிக்குக் காட்டிக்கொடுத்து, ஆயிரக்கணக்கான வீரர்களைச் சாகவிட்ட கோட்டையின் மேல். கீழ்த்தளத்துக்குப் போனால் இறந்துபோன பெண்கள், கண்ணாடிப் பெட்டிகளில் நின்றபடி. கடையில் பொம்மை நிறுத்தியது போல அத்தனை ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் வயிற்றைக் கலக்குகிறது. இடிந்த மாளிகை தன் பாவத்தை வாசலிலேயே சொல்லிவிடும். இந்த வீடோ மேலே வெள்ளையடித்துக்கொண்டு நிற்கிறது.

உங்கள் கட்சிக்கும் ஆள் இருக்கிறது, மறைக்கவில்லை. 1959-இல் வந்த 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' படத்தில் பேய்வீட்டின் வெளித்தோற்றமாக வருவது, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் லாஸ் ஏஞ்சலஸில் வடிவமைத்த, 1924-இல் கட்டிய என்னிஸ் இல்லம். கோலம் அச்சடித்தது போன்ற கான்கிரீட் கட்டிகள். சாய்வாக வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு துண்டு நிழல் உட்கார்ந்துகொள்ளும். வண்ணப் படமாக இருந்தால் நம் கண் சுவரின் நிறத்தோடு நின்றுவிடும். கறுப்பு வெள்ளையில் அந்த நிழலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. சரி, உள்ளே போனால்? ஸ்டுடியோவில் போட்ட பழங்கால பங்களா செட்! இயக்குநர் வில்லியம் காசிலுக்கும் உங்கள் சந்தேகமே வந்திருக்கும் போல.

பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1965-இல் எடுத்த 'ஆல்பவில்' செட்டே போடாமல், அன்றைய பாரிஸின் புதுக் கட்டடங்களையே எதிர்கால நகரமாகக் காட்டியது. அதை நேரம் கிடைத்தால் பாருங்கள். அவசியம் பார்க்க வேண்டியது இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் 'லெக்லிஸே' (1962).

ரோமில் ஈ.யூ.ஆர். என்றொரு பகுதி. 1942-இல் உலகக் கண்காட்சி நடத்த முசோலினி கட்டத் தொடங்கியது. போர் வந்து கண்காட்சி நடக்கவே இல்லை. படத்தின் முக்கியக் காட்சிகள் அங்கேதான் நடக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே காளான் வடிவத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, வேவு பார்க்க வந்தது போல நிற்கும். படத்தில் பேயும் இல்லை, கொலையும் இல்லை. முடிவில் காதலர் இருவரும் ஒரு தெருமுனையில் சந்திப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். இருவருமே வரவில்லை. கேமரா மட்டும் வருகிறது. பாதியில் நிற்கும் கட்டடம், ஒழுகும் தண்ணீர்ப் பீப்பாய், காலி ரோடு என்று ஏழு நிமிடம் போல நம்மை அங்கேயே நிறுத்திவைக்கிறது.

கடைசியில் திரையில் தெரிவது, கண்ணைக் கூசவைக்கும் ஒரு தெருவிளக்கு. இருட்டு வேண்டும் என்றீர்களே?