காலை நடையில் வாட்ச் 'ஜோன் 3' காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டுமா?

கேட்டவருக்கு வயது 52. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கக் காரைக்குடியில் பழகி வருகிறார். வேகமாக நடந்தால் இதயத்துடிப்பு 128 வருகிறது, வாட்ச் ஜோன் 3 என்கிறது (துடிப்பை வைத்துப் பயிற்சியின் கடுமையைப் பிரிக்கும் படிகள்தான் ஜோன்), கூட நடப்பவர்களோ ஜோன் 2-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். இதுதான் கவலை.

அந்த எண்ணுக்காக மட்டும் குறைக்க வேண்டாம். பல வாட்ச்கள் 220-இல் வயதைக் கழித்து, அதையே உங்கள் உச்சத் துடிப்பாக வைத்துக்கொள்ளும். உங்களுக்கு 168. அதில் 60 முதல் 70 சதவீதம் ஜோன் 2, அதாவது 101 முதல் 118 வரை. இந்த 220 கணக்கு 1971 வாக்கில் பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. ஒரே வயதுக்காரர்களுக்குள் 10, 12 துடிப்பு கூடக்குறைய இருப்பது சர்வ சாதாரணம். 2001-இல் வந்த இன்னொரு சூத்திரப்படி வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இல் கழிக்க வேண்டும். அதில் உங்களுக்கு 172 வரும். அதுவும் சராசரிதான்.

இரண்டுமே உங்கள் ஓய்வுத் துடிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் விழித்ததும், காபிக்கு எழுவதற்கு முன்னால், மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 72 என்று வைத்துக்கொள்வோம். 172-இல் 72 போக மீதி 100. மிதமான பயிற்சி என்பது இந்த மீதியில் 40 முதல் 59 சதவீதம். அதோடு 72-ஐத் திரும்பக் கூட்டினால் 112 முதல் 131 வரை வரும். உங்கள் 128 அதற்குள்தான் இருக்கிறது. பின்லாந்துக்காரர் கார்வோனன் பெயரில் வழங்கும் முறை இது. சில வாட்ச்களின் செட்டிங்ஸில் ஜோன்களை இந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த 128 உண்மையிலேயே 128-தானா? மணிக்கட்டு வாட்ச் பச்சை வெளிச்சத்தைத் தோலில் அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. பட்டை தொளதொளவென்று இருந்தால் கை வீசும் தாளத்தைத் துடிப்பு என்று எண்ணிவிடும். வேக நடையில் நிமிடத்துக்கு 120 அடி சுலபமாக வரும் என்பதால் குழப்பம் தெரியவே தெரியாது. சந்தேகம் வந்தால் நின்ற உடனே 15 விநாடி நாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து எண்ணிப் பயனில்லை, அதற்குள் இறங்கிவிடும். நெஞ்சில் கட்டும் பட்டை இன்னும் துல்லியம், ஆனால் நடைக்கு அது தேவையில்லை என்பேன்.

நான் நம்புவது பேச்சைத்தான். பக்கத்தில் வருபவரிடம் வீட்டுக் கதையை முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்து, காவடிச் சிந்து பாட மட்டும் மூச்சு போதவில்லை என்றால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வாட்ச் என்ன சொன்னாலும் குறையுங்கள். குன்றக்குடிப் படியில் விறுவிறுவென்று ஏறிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். பாதயாத்திரை நாள் முழுக்க நடக்கிற வேலை. அங்கே இந்தப் பேச்சு வேகத்துக்கும் கீழேதான் போக வேண்டும்.

நம்மூர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஆறு மணிக்கு நடந்த அதே வேகம் எட்டு மணிக்குப் பத்துத் துடிப்பு கூடக் காட்டலாம். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருக்கிறது, வியர்வையில் நீரும் குறைகிறது. முன்தினம் சரியாகத் தூங்காவிட்டாலும் ஏறும்.

பிபி மாத்திரை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. மெட்டோபிரோலால், அட்டெனோலால் வகை என்றால் துடிப்பு அவ்வளவாக ஏறாது, மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எந்த அளவுக்கு நடக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.