சிஆர்பி எவ்ளோன்னு கேக்கறீங்க, எத்தனை படி ஏறுறார்னு எழுத மாட்டேங்கறீங்க

அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). ரத்தத்துல அழற்சிய காட்டற சிஆர்பி டெஸ்ட் 14ன்னு வந்திருக்கு, ஆபத்தா? (காசிமேடு)

14 என்ன சார்? லிட்டருக்கு மில்லிகிராமா, டெசிலிட்டருக்கா? ரெண்டுக்கும் 10 மடங்கு வித்தியாசம். நம்பருக்குப் பக்கத்துலயே போட்டிருப்பாங்க, அதை விட்டுட்டு கேட்டா நான் என்ன சொல்றது.

லிட்டர் கணக்குன்னே வச்சுக்கறேன். அப்போ லேசா ஏறியிருக்கு, அவ்ளோதான். பல்லு வீங்கினா ஏறும், கால்ல புண்ணுன்னா ஏறும், தொப்பை இருந்தாலும் சிகரெட் இருந்தாலும் கொஞ்சம் ஏறித்தான் நிக்கும். நுரையீரல்ல இருந்துதான் வருதுன்னு அந்த நம்பர் சொல்லாது.

இதுல எனக்கு ரொம்ப நாள் எரிச்சல் ஒண்ணு இருக்கு. மாசாமாசம் பேக்கேஜ் போட்டு சிஆர்பி, இஎஸ்ஆர், சில பேரு இன்டர்லூகின்-6 வரைக்கும் (எல்லாம் அழற்சி பாக்கற ரத்த டெஸ்ட்தான்) எடுத்துட்டு ஃபைலோட வர்றாங்க, ஆனா ஹவுசிங் போர்டு மூணாவது மாடி ஏற எத்தனை வாட்டி நிக்கறார், குளிக்கும்போது மூச்சு வாங்குதா, ராத்திரி தூங்கறாரான்னு கேட்டா மகன் அம்மா மூஞ்சியப் பாக்கறான். சிஆர்பிக்கும் ஆள் எப்படி வாழறார்ங்கறதுக்கும் தொடர்பு இருக்கு, ஆனா ரொம்ப லேசு. ஒரே சிஆர்பி வச்சுக்கிட்டு ஒருத்தர் மீன் கூடை தூக்குவாரு, இன்னொருத்தர் பாத்ரூம் போகவே உக்காந்து உக்காந்து போவாரு. சிஓபிடி தொந்தரவ அளக்க கேட் (CAT) ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, 8 கேள்வி, 40 மார்க், பைசா செலவில்ல. 10 தொட்டாலே தொந்தரவு ஜாஸ்தின்னு அர்த்தம். அதைப் போட்டு அனுப்புங்க.

சிஆர்பி உருப்படியா உதவற இடம், திடீர்னு மூச்சுத்திணறல் ஜாஸ்தியாகும்போது. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு கீழ இருந்தா ஆன்டிபயாடிக்கால பெருசா பிரயோஜனம் இருக்காது. பிரிட்டன்ல இப்படி டெஸ்ட் பாத்துட்டு குடுத்ததுல, 100க்கு 77 பேர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டது 57 ஆச்சு, அதனால யாரும் கூடுதலா கஷ்டப்படல. ஆனா அந்த முடிவு டாக்டரோடது, மெடிக்கல் ஷாப்போடது இல்ல. பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினா லேப் பக்கமே போகாதீங்க, நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

சிஆர்பி நார்மல், ஆனா மூச்சு வாங்குது. ரிப்போர்ட் தப்பா? (மணலி)

தப்பில்ல. எக்லிப்ஸ்னு பெரிய ஆய்வு, ரத்தத்துல அழற்சிய காட்டற 6 மார்க்கர் பாத்தாங்க, சிஓபிடிக்காரங்கள்ல சுமார் 30 சதவீதம் பேருக்கு ஒண்ணுமே ஏறல. ஸ்பைரோமெட்ரி (குழாய்ல ஊதி மூச்சை அளக்கற டெஸ்ட்) எடுத்தீங்களா?

ரத்தத்துல ஈயோசினோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) 2 சதவீதம்னு இருக்கு. ஸ்டீராய்டு இன்ஹேலர் வேணுமா? (வியாசர்பாடி)

சதவீதத்த வச்சு பேசாதீங்க, வெள்ளை அணு டோட்டல் கவுன்ட்டோட பெருக்குங்க. 8000னா 160. 300க்கு மேலன்னா ஸ்டீராய்டு இன்ஹேலர் நல்லா வேலை செய்யும், 100க்கு கீழன்னா பலன் கம்மி, நிமோனியா ரிஸ்க் வேற. நடுவுலன்னா வருஷத்துக்கு எத்தனை வாட்டி சீரியஸ் ஆகறீங்கன்னு பாத்துதான் முடிவு. பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) சாப்பிடும்போது எடுத்த கவுன்ட்டை நம்பாதீங்க. இழுத்த பிறகு வாய் கொப்பளிங்க. இதை எத்தனை வாட்டிதான் எழுதறது.

மஞ்சள் கேப்ஸ்யூல் போட்டா அழற்சி குறையுமா? (எண்ணூர்)

அந்தக் காசுல ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டி இழுக்கற குழாய்) வாங்குங்க.

கேட் ஸ்கோர் 22ல இருந்து 19 ஆச்சு, இது பெரிய விஷயமா? (தண்டையார்பேட்டை)

ஆமா. 2 குறைஞ்சாலே கணக்குல சேத்தி. நடைப்பயிற்சிய விட்டுடாதீங்க.

அம்மா சிகரெட்டே தொட்டதில்ல, அவங்களுக்கு எப்படி சிஓபிடி? (கொடுங்கையூர்)

வெறகு அடுப்பு. 30 வருஷம் புகையில சமைச்சாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குப்பைமேடு எரியற அன்னிக்கு ஜன்னல மூடிட்டு உள்ளயே நடக்கச் சொல்லுங்க. அடுப்ப கேஸுக்கு மாத்திட்டீங்களா இல்லயான்னு மட்டும் லெட்டர்ல எங்கயுமே காணோம்.