முதலும் புரளலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொருளியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்க முயன்றபோது ‘கேபிடல்’, ‘ரோலிங்’ என்னும் இரு சொற்களில் சிக்கிக்கொண்டேன். முன்னது பணம், தலைநகர், பெரிய எழுத்து, மரண தண்டனை என்று பலவாறாக வருகிறது. பின்னது பகடைக்கும் கடனுக்கும் ரயில் பெட்டிக்கும் வருகிறது. இவ்விரண்டுக்கும் உறவு உண்டா? பண்பாட்டையும் மூலதனம் என்பது வெறும் உவமைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேபிடலின் எல்லாப் பொருள்களுக்கும் மூலம், தலையைக் குறிக்கும் ‘கபுட்’ என்ற லத்தீன் சொல். தலைமை நகரம், சொல்லின் தலையில் நிற்கும் எழுத்து, தலையை வாங்கும் தண்டனை ஆகியவற்றில் அது வெளிப்படை. பணத்தில் மட்டும் சற்று மறைந்திருக்கிறது. கால்நடையைக் குறிக்கும் ‘கேட்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பத்தில் பிறந்ததுதான்.

தமிழ், நகருக்குத் தலையைக் கொடுத்துவிட்டுப் பணத்தை ‘முதல்’ என்றது. முதல் என்பது தொடக்கம் மட்டுமன்று, மரத்தின் அடியுமாகும். மூலதனத்தில் உள்ள மூலமும் வேரே. இலக்கணத்தில் முதல் என்றால் முழுப்பொருள், சினை என்றால் அதன் உறுப்பு. அதே சினை விலங்கின் கருவையும் குறிக்கும். ‘வட்டி குட்டி போடும்’ என்ற நம் பேச்சை இதனருகில் வைத்துப் பாருங்கள். கிரேக்கத்திலும் வட்டிக்கும் பிள்ளைக்கும் ‘தோகோஸ்’ என்ற ஒரே சொல்தான். வட்டித் தொழில் இயற்கைக்கு முரணானது என்று வாதிட்ட அரிஸ்டாட்டில், காசு காசை ஈனுகிறதே என்று இச்சொல்லையே எடுத்துக் காட்டினார்.

ஆனால் கிடையாகக் கிடக்கும் முதல் குட்டி போடாது. பெட்டிக்குள் பூட்டிய பணம் வெறும் பணம். சரக்காக மாறி, விலைபோய், பெருகித் திரும்பும்போதுதான் அது மூலதனமாகிறது என்பது மார்க்ஸின் அடிப்படை வாதம். அவர் மறைந்த பின் 1885-இல் அவருடைய தோழர் எங்கெல்ஸ் பதிப்பித்த ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் தொகுதி முழுவதும் இந்தச் சுழற்சியைப் பற்றியதே. விற்றுவந்த தொகைக்கு நம் கணக்கேடுகளில் வழங்கும் ‘விற்றுமுதல்’ என்ற சொல்லில் இந்தச் சுற்றின் ஓசை கேட்கிறது. உங்கள் இரு சொற்களுக்கும் உள்ள உறவு இதுதான்: உருளாதது முதலாகாது.

உருளும் எல்லாமே பெருகுவதுமில்லை. ‘உருளாயம் ஓவாது கூறின் பொருளாயம் போஒய்ப் புறமே படும்’ என்கிறது குறள் (933). உருளும் பகடையின் ஆதாயத்தையே ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவனின் பொருளும் வருவாயும் பிறரிடம் போய்ச் சேரும். பணம் திரட்டுவதைப் ‘புரட்டுவது’ என்கிறோம். ஏமாற்றுக்கும் ‘புரட்டு’ என்றே பெயர். (இன்றைய இளைஞர்கள் பொய்யை ‘உருட்டு’ என்பதில் எனக்கு வியப்பேயில்லை.)

பண்பாட்டு மூலதனத்தை நான் வெறும் உவமையாகக் கருதவில்லை. ஆயினும் அதன் உருளல் வேறு. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ அதை உடலில் ஊறியது, நூல், ஓவியம் போன்ற பொருள்களில் உறைந்தது, பட்டமாக அங்கீகரிக்கப்பட்டது என மூன்றாகப் பிரித்தார். நூலகத்தை ஒரே நாளில் மகனுக்கு எழுதிவைத்துவிடலாம். வாசிக்கும் பழக்கத்தை அப்படி எழுதிவைக்க முடியாது. அதைச் சேர்க்க ஆண்டுகள் வேண்டும், உடையவரோடு அது மறைந்தும் போகும். அதே பழக்கம் பட்டமாகி, பட்டம் சம்பளமாகும்போது பணத்தின் சுற்றுக்குள் வந்துவிடுகிறது. அந்த மாற்றத்தைச் சுட்டவே பூர்தியூ மூலதனம் என்ற சொல்லைத் தேர்ந்தார்.

எனவே ‘ரோலிங்’ வரும் இடமெல்லாம் ஒரே சொல்லை வைக்க முயலாதீர்கள். பகடை உருளட்டும், நிதி சுழலட்டும். பழைய கடனைப் புதுக்கடனால் தள்ளிப்போடும் இடத்தில் ‘புரட்டுதல்’ என்றே எழுதுங்கள்.